வாக்காளர் பட்டியலிலிருந்து தீர்மானப் புத்தகம் வரை: ஊராட்சித் தேர்தலில் நிற்கப்போகும் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும்

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் வென்ற பெண்கள் 12 பேர்தான். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்றும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஊராட்சியில் அந்தக் காத்திருப்பு இல்லை. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. சட்டமன்றத்துக்கு 25 வயது ஆக வேண்டும், ஊராட்சிக்கு 21 போதும். ஊராட்சித் தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, ஆகவே யாரிடமும் போய் சீட்டு கேட்டு நிற்க வேண்டியதில்லை. 2021-இல் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பொறியியல் பட்டதாரிப் பெண் தலைவரானார். அதே தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டியில் 90 வயது மூதாட்டி ஒருவர் தலைவரானார்.

ஜெயிப்பதை விடக் கடினமானது, ஜெயித்த பதவியைத் தன் கையிலேயே வைத்திருப்பது. கணவரோ அப்பாவோ ஊர்ப் பெரியவரோ ஊராட்சியை நடத்த, அந்த அம்மா கையெழுத்து மட்டும் போடும் ஊர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அதனால் இந்தக் கையேடு வாக்கு எண்ணிக்கையோடு முடிந்துவிடாது.

உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. கல்யாணமாகி வந்த பெண்களில் பலருக்குப் பெயர் இன்னும் பிறந்த வீட்டு முகவரியில்தான் இருக்கும். ரேஷன் கார்டு மாறியிருக்கும், ஆதார் மாறியிருக்கும், வாக்காளர் பட்டியல் மட்டும் மாறியிருக்காது. எந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருக்கிறதோ அங்கேதான் நிற்க முடியும். ஒரே ஒன்றியத்துக்குள் அடுத்த ஊராட்சியாக இருந்தாலும் வேட்புமனு தள்ளுபடிதான்.

முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் கொடுத்துவிடலாம். திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் பெயர், திருத்தப் பணிக்கு வரும்போது வீடு பூட்டியிருந்தால், "இடம்பெயர்ந்தவர்" என்று நீக்கப்பட வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் வரைவுப் பட்டியலைத் திறந்து பாகம் எண், வரிசை எண் இரண்டையும் சரிபாருங்கள்.

குழம்ப வேண்டாம், வாக்காளர் அட்டை கொடுப்பது இந்தியத் தேர்தல் ஆணையம். ஊராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துத்தான் மாநில ஆணையம் தன் பட்டியலை வெளியிடும். பிரிக்கும்போது ஒரே தெருவின் இருபுறமும் வெவ்வேறு வார்டுக்குப் போய்விடுவது உண்டு. அந்தப் பட்டியல் வந்தவுடன் ஒரு பிரதி வாங்கிவிடுங்கள்.

தேர்தல் இல்லாத காலம்தான் தயாராகும் காலம்

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தேர்தலில் நிற்க முடியாத 18 வயதுப் பெண்ணுக்கும் அங்கே எழுந்து கேட்கும் உரிமை முழுமையாக இருக்கிறது.

கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பைத் தெரிந்துகொண்டு போங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? காலையில் நூறு நாள் வேலைத் தளத்திலேயே நோட்டை நீட்டிக் கையெழுத்தும் கைரேகையும் வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டுவார்கள். கூட்டம் முடிந்த பிறகு தீர்மானங்கள் எழுதப்படும். கேட்காத தீர்மானம் அதில் இருக்கும், கேட்டது இருக்காது. இதைத் தடுக்க வழி எளிது. கூட்டத்துக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானம் எழுதி உரக்க வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்து என்று சுய உதவிக் குழுவில் நாலு பேர் சேர்ந்து சொன்னால் போதும், எழுதுவார்கள்.

உங்கள் கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தாளில் ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். "குடிநீர்ப் பிரச்சினை தீர வேண்டும்" என்று எழுதினால் அது குப்பைக்குப் போகும். "மேலத்தெரு மேல்நிலைத் தொட்டியின் வால்வு பழுதாகி, கடைசி 14 வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை, வால்வை மாற்ற வேண்டும்" என்று எழுதினால் அது தீர்மானமாகும். இரண்டு பிரதி எடுத்து, கூட்டத்துக்கு முந்தைய நாளே கொடுத்து, ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மானத்தின் நகல் கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இரண்டு வருடம் இப்படிச் செய்தவரைத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிறகு நோட்டீஸில் தன்னை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இருக்காது.

எந்த இடத்தில் நிற்பது?

இடங்கள் நான்கு வகை: பொது, பொது மகளிர், பட்டியல் சாதியினர் பொது, பட்டியல் சாதி மகளிர். பழங்குடியினர் வாழும் பகுதிகளில் அவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. இவை சுழற்சியில் மாறும். "இது பொது வார்டு, பொம்பளைகளுக்கு இல்லை" என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. பொது இடத்தில் பெண்ணும் நிற்கலாம், பட்டியல் சாதியினரும் நிற்கலாம். பாதி ஒதுக்கீடு என்பது குறைந்தபட்ச அளவுதான், அதற்கு மேல் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

முதல் முறை நிற்பவர் தலைவர் பதவிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வார்டு சிறியது, எல்லா வீட்டுக்கும் இரண்டு முறை நடந்து போய்விடலாம். ஐந்து வாக்கிலும் இரண்டு வாக்கிலும் முடிவாகும், சமமாக வந்தால் குலுக்கல். ஊராட்சிக் கணக்கைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ள உறுப்பினர் பதவியைப் போல வேறு பள்ளிக்கூடம் இல்லை.

வேட்புமனு: தள்ளுபடி ஆவது எப்படி

மனு நிராகரிக்கப்படும் காரணங்களில் பெரும்பாலானவை அற்பமானவை. பாகம் எண்ணோ வரிசை எண்ணோ தவறாக எழுதியிருப்பார்கள். முன்மொழிபவர் வேறு வார்டுக்காரராக இருப்பார். வார்டு உறுப்பினர் மனுவை அதே வார்டின் வாக்காளர்தான் முன்மொழிய வேண்டும். ஒதுக்கீட்டு இடத்துக்குச் சாதிச் சான்றிதழ் இணைத்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டிருக்கும்.

இன்னொன்று வரி பாக்கி. ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் நிலுவையில் இருந்தால் அது தகுதியின்மை ஆகலாம். அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் கட்டி, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் "ரசீதுப் புத்தகம் இல்லை, நாளைக்கு வாம்மா" என்று இழுத்தடிப்பது பழைய தந்திரம். ஊராட்சியோடு ஒப்பந்த வேலை எதுவும் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது. அரசு ஊழியரும் உள்ளாட்சி ஊழியரும் நிற்க முடியாது. சத்துணவு, அங்கன்வாடிப் பணியில் இருப்பவர்கள் மனுப் போடும் முன் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

2019, 2021 தேர்தல்களில் டெபாசிட் தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றிய வார்டு உறுப்பினருக்கும் 600, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 1,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. அடுத்த அறிவிப்பில் தொகை மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொத்து, கடன், வழக்கு, படிப்பு பற்றிய உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட்டால், குறை சொன்னாலும் திருத்தி வேறு மனுக் கொடுக்க நேரம் இருக்கும். நம்பிக்கையான ஒருவரை மாற்று வேட்பாளராக மனுப் போட வைப்பதும் நல்லது.

மனு வாபஸ் பெறும் கடைசி நாள் வரை உங்கள் மேல் அழுத்தம் இருக்கும். வீட்டுக்கு ஆள் வரும், மாமனாரிடம் பேசுவார்கள், அண்ணனின் வேலையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஆகவே மனுப் போடும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். யார் சமைப்பது, பிள்ளையை யார் பள்ளிக்கு விடுவது என்பது வரை பேசி முடியுங்கள். நிறையப் பெண்கள் தோற்பது வாக்குச் சாவடியில் அல்ல, இந்தப் பேச்சை நடத்தாமல் விட்டதால்தான்.

சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் பணத்துக்கு ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் "ஏகமனதாக" வருவார். அது சட்டவிரோதம், தேர்தல் ஆணையமே பலமுறை எச்சரித்திருக்கிறது. ஏலம் என்று காதில் விழுந்தவுடன் மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரை மனுப் போட விடாமல் தடுப்பதும், தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பணி செய்ய விடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். பட்டியல் சாதியைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டதும், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியாமல் கிடந்ததும் ஒரே மதுரை மாவட்டத்தில்தான். தனியாகப் போராட வேண்டாம். மனுப் போடும் நாளிலிருந்தே உங்களோடு இரண்டு பேராவது இருக்கட்டும்.

செலவும் பிரசாரமும்

2019-இல் செலவு உச்சவரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000 ரூபாய். எதிரில் நிற்பவர் இதைப் போலப் பல மடங்கு செலவழிக்கலாம். அதற்குப் போட்டியாக நகையை அடகு வைக்காதீர்கள். அந்தக் கடன்தான் பிறகு காண்டிராக்டர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைக்கும். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும், தோற்றவரும்தான். ஒப்படைக்காதவரை மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்க விடாமல் தகுதி நீக்கம் செய்யலாம். தோற்றவர்கள் இதை மறந்துவிட்டு அடுத்த வாய்ப்பையும் இழக்கிறார்கள்.

ஒரு ரூல் போட்ட நோட்டில் வீட்டு வரிசைப்படி வாக்காளர்களை எழுதுங்கள். பட்டியலின் வரிசை எண், பெயர், இப்போது ஊரில் இருக்கிறாரா, என்ன குறை சொன்னார் என நான்கு பத்தி போதும். காலை தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடியிலும், மாலை ஆறு மணிக்கு மேல் வாசலிலும்தான் பெண்களைப் பார்க்க முடியும். வெளியூரில் இருப்பவர்களுக்கு வாக்குப்பதிவுத் தேதி தெரிந்த அன்றே போன் செய்யுங்கள், பஸ்ஸில் இடம் பிடிக்க அவர்களுக்கு நாள் வேண்டும்.

நான்கு நிறச் சீட்டு

ஊரகத் தேர்தலில் ஒருவருக்கு நான்கு வாக்குகள், நான்கும் காகிதச் சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற சுயேச்சைச் சின்னங்கள்தான் வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் இருக்கும். கட்சிச் சின்னத்தைத் தேடும் மூத்தவர்கள் அங்கே திகைத்துப்போவார்கள்.

ஆகவே "சின்னத்தைப் பாருங்க" என்று சொல்லி நிறுத்தாமல், நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "வெள்ளைத் தாளில் பூட்டு சாவி". அந்த நிறத் தாளில் மாதிரிச் சீட்டு செய்து, வாசலில் உட்கார வைத்து ஒருமுறை முத்திரை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னம் இருக்கும் கட்டத்துக்குள் குத்த வேண்டும். கோட்டின் மேல் விழுந்தால் தகராறு, இரண்டு கட்டத்தில் குத்தினால் செல்லாது, பெயரோ கையெழுத்தோ எழுதினாலும் செல்லாது. குத்தியதும் சீட்டை ஓர் ஊது ஊதி மை காய்ந்த பிறகு மடிக்கச் சொல்லுங்கள். ஈரத்தோடு மடித்தால் மை வேறு சின்னத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணும் மேசையில் முதல் சில மணி நேரம் நிறம் பிரித்துக் கட்டுக் கட்டுவதிலேயே போகும். உங்கள் ஏஜென்டுகள் சோர்ந்து வெளியே போவது அந்த நேரத்தில்தான். சாப்பாடும் தண்ணீரும் கட்டிக் கொடுத்து, மாற்று ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். செல்லாதவை என்று ஒதுக்கும் கட்டை ஒவ்வொரு சீட்டாகக் காட்டச் சொல்ல வேண்டும். ஒட்டிய மை இடவலம் மாறி, மங்கலாகத் தெரியும். நேராகக் குத்திய முத்திரை அழுத்தமாகத் தெரியும். அதைக் காட்டி வாதாடலாம். வித்தியாசம் குறைவாக இருந்தால், முடிவு அறிவிக்கும் முன்பே மறு எண்ணிக்கை கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். அறிவித்த பிறகு நீதிமன்றம்தான் வழி.

ஜெயித்த பிறகு

வார்டு உறுப்பினர்களில் ஒருவர் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுவார். இதைப் பல புதிய தலைவர்கள் கண்டுகொள்வதில்லை, பிறகு வருந்துகிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். ஒதுக்கீட்டில் வந்த தலைவரைச் செயல்பட விடாமல் செய்ய நினைப்பவர்கள் தங்கள் ஆளைத் துணைத்தலைவராக்கிக் கையெழுத்தை நிறுத்திவைப்பார்கள். துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போகாது, பழி தலைவர் மேல் விழும். தேர்தலுக்கு முன்பே எந்த வார்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, இணக்கமாக வேலை செய்யக்கூடியவர்களோடு பேசி வையுங்கள். பிறகும் கையெழுத்து மறுத்தால், எந்தத் தேதியில் எந்தப் பில்லுக்கு மறுத்தார் என்று ஒவ்வொன்றையும் எழுதி வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். உங்களிடம் எழுத்து இல்லாவிட்டால், நிர்வாகம் முடங்கியதற்கு நீங்களே காரணம் என்று சொல்லி, ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் உங்களுக்கே நோட்டீஸ் வரலாம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தாலே ஆட்சியர் நடவடிக்கை தொடங்க முடியும்.

முதல் வாரத்தில் சாவி, பதிவேடுகள், காசோலைப் புத்தகம், பாஸ்புக், டிஜிட்டல் கையொப்ப டாங்கிள் (கணினியில் செருகி உங்கள் பெயரில் ஒப்புதல் தரும் சிறு கருவி) எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாங்கிளையும் அதன் கடவுச்சொல்லையும் ஊராட்சிச் செயலரிடமே விட்டுவைப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். கடவுச்சொல்லை நீங்களே மாற்றி, யாரிடமும் சொல்லாதீர்கள், கணவரிடமும்தான். வங்கிக் கணக்குகளில் எது எதற்கு என்று செயலரிடம் கேளுங்கள். கணக்கு எண் 1 ஊராட்சியின் பொது நிதி, எண் 2 மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும், எண் 3 திட்டங்களுக்கு. மாதக் கடைசியில் பாஸ்புக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். கணக்குத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். சுய உதவிக் குழுக் கணக்கு எழுதிய கைக்கு இது கடினமில்லை.

அலுவலகத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில் போங்கள், தலைவர் நாற்காலியில் உட்காருங்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். அதே ஆண்டு சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து ஆட்சியரே நேரில் போன பிறகுதான் அவரால் ஏற்ற முடிந்தது. தெற்குத்திட்டையில் நடந்தது வெளியே தெரிந்தது ஒரு புகைப்படத்தால். உங்கள் கூட்டம் ஒவ்வொன்றிலும் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பதிலாகக் கணவர் கூட்டத்துக்கு வந்தால் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) அலுவலகத்திலும் அவரையே "தலைவர்" என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். வண்டியில் கொண்டுவந்து விடட்டும், உள்ளே நீங்கள் மட்டும் போங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடும் முறையைக் கடைசியாகச் சொல்கிறோம். கூட்டம் நடக்கும்போதே, உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண் இருக்க வேண்டும், தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே மூன்று வரி இடம் விட்டு, "இங்கே போடுங்க அம்மா" என்று கீழே விரலை வைப்பார்கள். அங்கே போடாதீர்கள். கடைசி எழுத்துக்கு அடியிலேயே ஒரு கோடு இழுத்து, கோட்டை ஒட்டிக் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். பக்கத்தில் மீதி இருக்கும் வெற்றிடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடியுங்கள். போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்த பிறகு புத்தகத்தை மூடிக் கொடுங்கள்.